பதினேழாவது லைன்

ஒரகடத்தில், லாரிகளுக்கு பிரேக் சாமான் செய்கிற ஒரு கம்பெனியின் மெயின் கேட்டை ஒட்டி, கண்ணாடி அடைத்த சின்ன அறை ஒன்று உண்டு. காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிவரை அதற்குள் உட்கார்ந்திருப்பவள் மீனம்மாள். அந்தக் கம்பெனியில் ஆயிரத்துச் சொச்சம் பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் மீனம்மாளின் முகத்தைப் பார்த்தவர்கள் நூறு பேர் தேறுவார்களா என்பது சந்தேகம். குரலைக் கேட்காதவர் ஒருவர்கூட இருக்க முடியாது. “வணக்கம், சொல்லுங்க சார்” என்று அவள் சொன்னால், கோபமாகப் போனை எடுத்தவரும் பாதிக் கோபத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவார்.

அவள் டெலிபோன் ஆபரேட்டர். படிப்பு ஐந்தாம் வகுப்பு, மணிமங்கலம் பள்ளிக்கூடத்தில். தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த குடும்பம் என்பதால் இந்தக் கம்பெனியில் ஒரு வேலை கிடைத்தது. பதினோரு வருஷம் பேக்கிங் செக்‌ஷனில் நின்றாள். அங்கே உட்காருவது என்பது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான். பன்னிரண்டாவது வருஷம் முதுகெலும்பில் ஒரு தட்டு நகர்ந்துவிட்டது. நிற்கக் கூடாது, குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நிற்காமல், குனியாமல், தூக்காமல் செய்யக்கூடிய வேலை அந்தக் கம்பெனியில் மேனேஜர் வேலை ஒன்றுதான். அது காலியாக இல்லை. நல்லவேளையாக அந்தச் சமயத்தில் பழைய ஆபரேட்டர் ரிட்டயர் ஆனார். மார்கழி மாதத்தில் பெருமாள் கோயில் பஜனையில் மீனம்மாள் பாடுவதைக் கேட்டிருந்த யாரோ ஒரு புண்ணியவான் ஆபீசில் சொல்லி வைக்க, அந்த நாற்காலி அவளுக்கு வந்தது. பெருமாள் கொடுத்த நாற்காலி என்றே அவள் நினைத்திருந்தாள். அதைப் பிடுங்க இன்டர்நெட் வரும் என்று பெருமாளே நினைத்திருக்க மாட்டார்.

வந்த கதை இதுதான்.

கம்பெனிக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்னொரு யூனிட் இருக்கிறது. இங்கே செய்கிற சாமான் அங்கே போய்ச் சேர்ந்து வெளியூர் போகும். இரண்டு யூனிட்டுக்கும் நடுவே நாள் முழுக்கப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். பழைய போன் கம்பிகளை எடுத்துவிட்டு எல்லாப் பேச்சையும் இன்டர்நெட் வழியாக அனுப்பலாம் என்று ஐ.டி. மேனேஜர் ராஜசேகருக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு வருகிற யோசனைகள் எல்லாம் கலர் படங்களோடுதான் வரும். வெளிக் கம்பெனி ஒன்று அந்த வேலையை எடுத்துச் செய்து முடித்தது. திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். குரலை அனுப்புகிற அந்தப் புதுப் பெட்டிக்குச் சக்கரம் இல்லாததால், வண்டிக்கு வைப்பதுபோல எலுமிச்சம்பழம் வைக்க இடம் தேடி, கடைசியில் பெட்டியின் தலையிலேயே வைத்தார்கள். கற்பூரம் கொண்டுவந்து கொடுத்தது மீனம்மாள்.

அன்றைக்கு வெளிக் கம்பெனியின் சேல்ஸ்காரர் ஒரு பக்கக் கணக்கைத் திரையில் போட்டுக் காட்டினார். ஒரு ஆள் பேசுகிற குரலுக்கு, ஒரு நொடிக்கு எட்டு கே.பி. போதும். குரலுக்கென்று லைனில் ஒதுக்கியிருப்பது ஐந்நூற்றுப் பன்னிரண்டு கே.பி. ஆகவே அறுபது பேர் ஒரே நேரத்தில் பேசலாம். பேசிய பிறகும் நாலு பேருக்கு இடம் மிச்சம். எல்லாரும் கை தட்டினார்கள். மிச்சம் என்று கேட்டால் கை தட்டாத மேனேஜ்மென்ட் எங்கே இருக்கிறது?

உண்மையில் லைன் ரொம்பப் பெரியது. ஆனால் அதில் பெரும்பாகத்தைக் கேமராக்கள் எடுத்துக்கொண்டிருந்தன. கேன்டீன் கைகழுவும் இடத்துக்கு மட்டும் நாலு கேமரா. தொழிலாளி கையைக் கழுவுவதை ஸ்ரீபெரும்புதூரில் இருந்தபடியே நாலு பக்கமும் பார்க்கலாம். கைக்குக் கொடுத்த இடத்தில் கால் பங்கு வாய்க்குக் கொடுக்கவில்லை.

ஊழியர்கள் வெட்டிப்பேச்சுப் பேசக் கூடாது என்பதற்காக ஒரு ஏற்பாடும் செய்திருந்தார்கள். யூனிட்டுக்கு யூனிட் பேசுகிற எல்லாப் பேச்சும் ஆபரேட்டர் வழியாகத்தான் போக வேண்டும். மீனம்மாள் முன்னால் ஒரு திரை. யாராவது பேசத் தொடங்கினால் அதில் ஒரு பச்சைக் கோடு வரும். முடித்தால் கோடு மறையும்.

முதல் இரண்டு வாரம் குரல் கோயில் மணி மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் பழைய கம்பிகளைக் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள், எல்லாப் பேச்சும் புது வழிக்கு வந்தது. அன்றையிலிருந்து காலை பத்து மணி ஆனால் ஒரு கோளாறு ஆரம்பித்தது. பத்து மணிதான் எல்லா டிபார்ட்மென்டும் ஸ்ரீபெரும்புதூரைக் கூப்பிட்டு அன்றைய லோடைப் பற்றிப் பேசுகிற நேரம். திடீரென்று குரல் துண்டு துண்டாக உடையும். மனிதர் பேசுவது வாய் கொப்பளிப்பது போலக் கேட்கும். ஒருவருக்கு மட்டும் இல்லை, அந்த நேரத்தில் பேசுகிற அத்தனை பேருக்கும். அரை மணி கழித்துத் தானாகச் சரியாகிவிடும்.

ஒருநாள் பிளான்ட் ஹெட் பெருமாள்சாமி, வெளிநாட்டிலிருந்து வந்த வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரோடு பேசினார். ஐந்து நிமிஷம் அந்த வெள்ளைக்காரர் வாய் கொப்பளிக்கிற சத்தத்தை மரியாதையோடு கேட்டுவிட்டுப் போனார்.

அதன்பிறகு காரணம் தேடினார்கள். குவாலிட்டிக்காரர்கள் மழைக்காலம் என்றார்கள். மெயின்டனன்ஸ்காரர்கள் பெட்டி சரியில்லை என்றார்கள். பெட்டிக்காரர்கள் கரன்ட் சரியில்லை என்றார்கள். பழி ஒவ்வொரு மாடியாக இறங்கி வந்தது. இதற்குக் கீழே இறங்க இடமில்லை என்ற இடத்தில், மெயின் கேட் பக்கத்துக் கண்ணாடி அறையில், வந்து நின்றது. ஆபரேட்டர் அவசரத்தில் லைனைச் சரியாக இணைப்பதில்லை, அதனால்தான் குரல் உடைகிறது என்று மீனம்மாளுக்கு மெமோ வந்தது.

அவளுக்கு வந்த முதல் மெமோ அது. தான் செய்த தப்பு என்னவென்று அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதனால் ஒரு நோட்டு வாங்கினாள். பத்து மணிக்குத் திரையில் எத்தனை பச்சைக் கோடு இருக்கிறது என்று எண்ணி எழுத ஆரம்பித்தாள். பேக்கிங் செக்‌ஷனில் பதினோரு வருஷம் பெட்டி எண்ணிய பழக்கம், விரல் தானாக எண்ணியது. மூன்று நாளில் விஷயம் பிடிபட்டது. பதினாறு கோடு வரைக்கும் எல்லாக் குரலும் சுத்தம். பதினேழாவது கோடு வந்தது என்றால், வந்தவருடைய குரல் மட்டுமல்ல, பதினேழு பேர் குரலும் உடைந்தது. ஒருவர் போனை வைத்தால் பதினாறு பேர் குரலும் ஒட்டிக்கொண்டது.

நாலாவது நாள் பதினேழாவதாக வந்த பெயின்ட் ஷாப் சூப்பர்வைசரிடம், இரண்டு நிமிஷம் இருங்க சார் என்று பணிவாகச் சொல்லி நிறுத்தி வைத்தாள். அன்றைக்கு ஒருவர் குரலும் உடையவில்லை. மீனம்மாளுக்கு ரொம்பச் சந்தோஷம். கோயிலுக்குப் போய் நெய்விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். மறுநாள் காலை இரண்டாவது மெமோ காத்திருந்தது: ஆபரேட்டர் வேண்டுமென்றே லைன் கொடுக்காமல் தாமதம் செய்கிறார்.

கொடுத்தால் ஒரு மெமோ, கொடுக்காவிட்டால் ஒரு மெமோ. இரண்டு மெமோவுக்கும் நடுவில் ஒரு மனுஷி எங்கே நிற்பது என்பதற்கு மட்டும் அந்தக் கம்பெனியில் விதிமுறை எழுதியிருக்கவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு ராஜசேகரிடம் போனாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், நோட்டைப் புரட்டிக்கூடப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“மீனம்மா, இதெல்லாம் டெக்னிக்கல். அறுபது பேர் பேசலாம்னு கணக்குப் போட்டவர் எம்.டெக். நீங்க பதினாறுன்னு சொல்றீங்க. யாரு சொல்றத நான் எழுதறது?”

“ரெண்டையும் எழுதுங்க சார். எது நெஜமோ அது நிக்கட்டும்” என்றாள் மீனம்மாள்.

அவர் இரண்டையும் எழுதவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை என்கொயரி என்று முடிவாயிற்று. ஹெச்.ஆரில் இருக்கிற ஐஸ்வர்யா என்ற பெண் தனியாகக் கூப்பிட்டு இதமாகவே சொன்னாள். குற்றம் நிரூபணமானால் மறுபடி பேக்கிங் செக்‌ஷன்தான். தவறு செய்துவிட்டேன், மன்னிக்கவும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் ரெக்கார்டில் சாதாரண இடமாற்றம் என்று போடுவார்கள். அதாவது எழுதிக் கொடுத்தாலும் பேக்கிங், கொடுக்காவிட்டாலும் பேக்கிங். எழுதிக் கொடுத்தால் பேக்கிங் என்ற வார்த்தையை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார்கள். எட்டு மணி நேரம் நின்றால் அந்த முதுகு எத்தனை நாள் தாங்கும் என்பது மீனம்மாளுக்குத் தெரியும். ஒரு வாரம்கூட இல்லை. அதற்குப் பிறகு வேலையே இல்லை.

அவள் புருஷன் அண்ணாதுரை, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். போலீஸ்காரர் கை காட்டுமுன்பே மன்னிப்புக் கேட்டுப் பழகியவன்.

“எழுதிக் குடுத்துட்டு வாயேன். ஒரு காயிதம்தானே?” என்றான்.

“செய்யாததச் செஞ்சேன்னு எழுதிட்டு, சனிக்கிழம கோயில்ல போய் எப்டி நிப்பேன்?” என்றாள்.

அண்ணாதுரை தட்டில் இருந்த இட்லியைப் பிட்டான். சட்டினி நன்றாக இருக்கிறது என்று சொன்னான்.

வியாழக்கிழமை, வெளிக் கம்பெனியிலிருந்து பெட்டியைப் பார்க்க இசக்கிபாண்டி வந்தான். முப்பத்து நாலு வயது, திருநெல்வேலிப் பக்கம், வல்லக்கோட்டையில் ஒரு அறை எடுத்து இரண்டு பேரோடு தங்கியிருக்கிறவன். எப்போது வந்தாலும் கண்ணாடி அறையில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவான். மீனம்மாள் அவன் முன்னால் நோட்டைத் திறந்து வைத்தாள். அவன் ஒரு பக்கம் பார்த்தான், இரண்டு பக்கம் பார்த்தான், டீயைக் கீழே வைத்தான்.

“பதினாறா? நீங்களா எண்ணுனீங்க?”

“பின்ன யாரு, கேமராவா எண்ணுச்சி?”

“அக்கா, இத ரூம்ல உக்காந்து நான் போட்டுப் பாத்தேன். பதினாறுன்னுதான் வந்துச்சு. வெளிய சொல்லல.”

ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. அவன் வருஷத்துக்கு வருஷம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற ஆள் என்பது அவளுக்குத் தெரியும். எப்படிப் பதினாறு வருகிறது என்று மட்டும் கேட்டாள். அவன் டீக் கோப்பையை ஒதுக்கிவிட்டு, மெமோவின் பின்பக்கத்திலேயே படம் போட்டுச் சொன்னான்.

போனில் பேசுகிற குரல் தண்ணீர் மாதிரி ஒரே தாரையாகப் போவதில்லை. மெஷின் அதை நறுக்குகிறது. ஒரு நொடிப் பேச்சை ஐம்பது துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனிக் கவரில் போட்டு அனுப்புகிறது. எங்கிருந்து வருகிறது, எங்கே போக வேண்டும், எத்தனையாவது துண்டு, எந்த நேரத்துத் துண்டு என்று ஒவ்வொரு கவர் மேலேயும் முழு விலாசம் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் சேர்த்து ஒட்ட முடியாது. ஒரு துண்டுக் குரலின் அளவு இருபது. அதன்மேல் எழுதுகிற விலாசத்தின் அளவு ஐம்பத்தெட்டு.

“குரலு இருவது, கவரு அம்பத்தெட்டா?”

“ஆமாக்கா. ஒவ்வொரு துண்டுக்கும்.”

மீனம்மாள் படத்தை உற்றுப் பார்த்தாள். “கோயில்ல அர்ச்சன பண்ற மாதிரி கீது தம்பி” என்றாள். “பேரு, நட்சத்திரம், ராசி, கோத்திரம், வூட்ல கீற அத்தினி பேரு பேரும் சொல்லி முடிக்கவே அய்யருக்கு மூச்சு வாங்கிடும். நம்ம வேண்டுதல் இன்னா, ஒரு வரி. முதுகு வலி போவணும். அவ்ளோதான்.”

இசக்கிபாண்டி சிரித்தான். “அதேதான். எங்க சேல்ஸ்காரரு வேண்டுதல மட்டும் எண்ணிட்டாரு. கோத்திரத்த எண்ணல.”

குரல் மட்டும் என்றால் எட்டு கே.பி. கவரோடு சேர்த்தால் முப்பத்தொன்று. ஐந்நூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தொன்று எத்தனை முறை போகும் என்று அவன் போட்டுக் காட்டினான். பதினாறு முறை, கொஞ்சம் மிச்சம். பதினேழாவது ஆள் வந்தால் கவர்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும், நேரத்துக்குப் போகாது. நேரம் கழித்து வருகிற குரல் துண்டை மெஷின் குப்பையில் போட்டுவிடும். எந்தக் கவர் யாருடையது என்று லைனுக்குத் தெரியாது. அதனால் எல்லார் குரலும் உடையும்.

“என்கொயரிக்கு நானும் வரணும்னு சொல்லிருக்காவ” என்றான் போகும்போது. “கேட்டா சொல்லுவேன் அக்கா. கேக்காம நானா எந்திரிச்சுச் சொன்னா, அன்னைக்கே என் சோலி முடிஞ்சிரும்.”

“நீ சொல்லவாணாம். கேக்கறது என் வேல” என்றாள் மீனம்மாள்.

ஆனால் எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அர்ச்சனையை உதாரணம் சொன்னால் கான்ஃபரன்ஸ் ரூமில் சிரிப்பார்கள். சாமியை அந்தச் சிரிப்புக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்த அவளுக்கு மனமில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அதே யோசனை. திங்கட்கிழமை சாயங்காலம் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸுக்குப் போகிற வழியில், பேக்கிங் செக்‌ஷனின் பின்வாசல் திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண் எடை மெஷின் முன்னால் நின்று பெட்டி மேல் ஸ்லிப் ஒட்டிக்கொண்டிருந்தாள். மீனம்மாள் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். அந்த ஸ்லிப்பை அவள் லட்சம் முறை ஒட்டியிருப்பாள். பஸ்ஸில் ஏறியபோது மனசு லேசாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு என்கொயரி. குளிர் ஏற்றிய அறை, நீள மேஜை, தட்டில் பிஸ்கட். பெருமாள்சாமி நடுவில் உட்கார்ந்திருந்தார். ஸ்டோர்ஸில் கிளார்க்காகச் சேர்ந்து பிளான்ட் ஹெட்டாக உயர்ந்தவர் அவர். பேச்சு குறைவு. ஒரு பக்கம் ராஜசேகர், அவருக்கு அடுத்து இசக்கிபாண்டி. மீனம்மாளுக்கு எதிர்ப்பக்கம் தனி நாற்காலி.

ஐஸ்வர்யா மெமோவைப் படித்தாள். முதலில் ஃபாரம் நம்பர். பிறகு எத்தனையாவது திருத்தம் என்ற நம்பர். தேதி, பார்வை ஒன்று, பார்வை இரண்டு, எந்த விதியின் எந்த உட்பிரிவு, நகல் யார் யாருக்கு என்று ஒன்பது பேர் பதவி. இதெல்லாம் படித்து முடிக்க நாலு நிமிஷம் ஆயிற்று. குற்றம் ஒன்றரை வரி. இசக்கிபாண்டி மேஜையைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்ததை மீனம்மாள் கவனித்தாள். அவளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராஜசேகர் கலர் படம் போட்டார். எட்டு, ஐந்நூற்றுப் பன்னிரண்டு, அறுபது. நாலு பேருக்கு இடம் மிச்சம். இயந்திரத்தில் குறை இல்லை, கணக்கில் குறை இல்லை, ஆகவே மிச்சம் இருப்பது ஆபரேட்டர் என்று முடித்தார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஐஸ்வர்யா கேட்டாள்.

மீனம்மாள் எழுந்தாள். முதுகு பிடித்துக்கொண்டது. மேஜையைப் பிடித்து நின்றாள்.

“சார், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இந்த எட்டுன்னு போட்ருக்கீங்களே, அது நெட் வெயிட்டா, கிராஸ் வெயிட்டா?”

ராஜசேகர் நெற்றியைச் சுருக்கினார். “இது வெயிட் இல்ல மீனம்மா. இது பேண்ட்வித்.”

“அதான் சார், பேரு எதுனா இருக்கட்டும். சாமான் மட்டும் எடை போட்டதா, பெட்டியோட சேத்துப் போட்டதா?”

பெருமாள்சாமி சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். டிஸ்பாட்ச் வேலை பார்த்த எவருக்கும் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கம்பெனியிலிருந்து போன ஒரு கன்டெய்னர் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தது. ஸ்லிப்பில் சாமான் எடையை மட்டும் எழுதிவிட்டு, மரச்சட்டத்தையும் பெட்டியையும் இரும்புப் பட்டையையும் யாரோ மறந்துவிட்டார்கள். அந்த ‘யாரோ’வைப் பெருமாள்சாமி ஒரு வாரம் தேடினார்.

“பெட்டியா? குரலுக்கு ஏது பெட்டி?” என்றார் அவர்.

“கீது சார். தம்பியக் கேளுங்க.”

எல்லாரும் இசக்கிபாண்டியைப் பார்த்தார்கள். அவன் முதலில் ராஜசேகரைப் பார்த்தான், பிறகு பிஸ்கட்டைப் பார்த்தான். எழுந்து போர்டில் போய் எழுதினான். குரல் இருபது. கவர் ஐம்பத்தெட்டு. நொடிக்கு ஐம்பது முறை. அடியில் முப்பத்தொன்று என்று போட்டு, பக்கத்தில் பதினாறு என்று எழுதி ஒரு வட்டம் போட்டான். மீனம்மாள் தன் நோட்டைத் திறந்து பெருமாள்சாமி முன்னால் நகர்த்தினாள். அதிலும் நாள்தோறும் பதினாறு.

“ஆக, நெட் வெயிட்டுக்கு லாரி புக் பண்ணியிருக்கீங்க” என்றார் பெருமாள்சாமி, ராஜசேகரிடம்.

ராஜசேகர் தொழில்நுட்ப ரீதியாக அதை அப்படிச் சொல்ல முடியாது என்று ஆரம்பித்து, உலக வழக்கம் என்ன, கையேடு என்ன சொல்கிறது என்றெல்லாம் பேசிக் கடைசியில் அப்படித்தான் என்று முடித்தார்.

“கேமராவுக்குப் போறதுல கொஞ்சம் எடுத்துக் குடுக்கலாமே?” என்றார் பெருமாள்சாமி.

அது முடியாது, கைகழுவும் இடம் ஹெட் ஆபீஸ் உத்தரவு என்று ஐஸ்வர்யா சொன்னாள். அந்த உத்தரவின் நம்பரும் சொன்னாள்.

மீனம்மாள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். “ஒரு பொட்டியில ரெண்டு சாமான் போட முடியாதா சார்? பேக்கிங்ல சின்ன வாஷரெல்லாம் அப்டிதான் போடுவோம். பொட்டி பாதியாயிடும்.”

இசக்கிபாண்டி திரும்பினான். அவன் முகத்தில் பயம் போயிருந்தது. போடலாம், அதற்கு அமைப்பில் இடம் இருக்கிறது என்றான். இரண்டு துண்டுக் குரலை ஒரே கவரில் போட்டால், ஒரு நொடிக்கு ஐம்பது கவர் இருபத்தைந்தாகும். ஒரு ஆளுக்கு முப்பத்தொன்று, இருபதுக்கும் சற்றுக் கீழே குறையும். இருபத்தாறு பேர் பேசலாம். கவர் நிறைகிறவரை காத்திருப்பதால் குரல் இமைப்பொழுது தாமதமாகும். அது காதுக்குத் தெரியாது. நாலு ஐந்து துண்டாக நிறைத்தால் தெரியும், ஒரு கவர் தொலைந்தால் ஒரு சொல்லே தொலையும். அதனால் இரண்டோடு நிறுத்த வேண்டும்.

“இருபத்தேழாவது ஆள்?” என்றார் பெருமாள்சாமி.

“நிக்கணும் சார்” என்றாள் மீனம்மாள். “அத நிறுத்தி வெச்சதுக்குத்தான் எனக்கு ரெண்டாவது மெமோ.”

பெருமாள்சாமி இரண்டு மெமோவையும் கேட்டு வாங்கினார். கிழிக்கப் போகிறார் என்று மீனம்மாள் நினைத்தாள். அவர் கம்பெனிக்காரர் அல்லவா, கிழிக்கவில்லை. ஃபைலில் வைத்து, ரத்து செய்ய ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். “உக்காருங்கம்மா” என்றார் பிறகு. “யாரும் உங்கள எங்கயும் மாத்தல.”

அவள் உட்கார்ந்தாள். கண் கலங்கியதை மறைக்க ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள்.

ரத்துக் கடிதம் வர மூன்று நாள் ஆயிற்று. இரண்டு பக்கம். முன்பு குறிப்பிட்ட மெமோக்கள் நிர்வாகக் காரணங்களால் திரும்பப் பெறப்படுகின்றன என்று கடைசிப் பத்தியில் இருந்தது. அவள் சொன்னது சரி என்று எந்த வரியிலும் இல்லை. இன்னொரு சுற்றறிக்கையும் வந்தது. ஐ.டி. துறை மேற்கொண்ட ஆய்வின் பலனாக, ஒரே நேரத்தில் இருபத்தாறு பேச்சு என்று வரம்பு வைக்கப்படுகிறது. அதைக் கண்காணிக்கும் கூடுதல் பொறுப்பு ஆபரேட்டருக்கு. வெளிக் கம்பெனிக்கு, பிரச்சினையை விரைந்து தீர்த்ததற்காக ஒரு பாராட்டுக் கேடயமும் கொடுத்தார்கள். அதை மேடையில் வாங்கியவர் அந்த எம்.டெக். இசக்கிபாண்டியின் கான்ட்ராக்டை இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பித்தார்கள். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

மீனம்மாளுக்கு இதிலெல்லாம் வருத்தம் இல்லை. நாற்காலி இருந்தது. சனிக்கிழமை கோயிலில் தலை நிமிர்ந்து நின்றாள்.

சுற்றறிக்கை வந்த அடுத்த திங்கட்கிழமை, காலை பத்து மணி. திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. இருபது. இருபத்து மூன்று. இருபத்தாறு. ஒரு குரலும் உடையவில்லை. அப்போது இன்னொரு விளக்கு மினுங்கியது. எடுத்தாள். ராஜசேகர்.

“மீனம்மா, ஸ்ரீபெரும்புதூர் அர்ஜன்ட். அங்க எல்லாரும் காத்திருக்காங்க. புது சிஸ்டம் பத்தி நான் பேசணும்.”

“இருவத்தாறு ஓடிக்கினு கீது சார். கொஞ்சம் இருங்க.”

“நான் ஐ.டி. மேனேஜர்.”

“தெரியுது சார்.”

ஒரு சொல் தப்பினால் மூன்றாவது மெமோவுக்கு வழி இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். இணைத்துவிட்டால் இருபத்தேழு பேர் குரலும் போகும் என்பதும் தெரியும். விரல் பொத்தான் மேல் இருந்தது. அவள் அழுத்தவில்லை. மனசுக்குள் பெருமாள் பேரைச் சொல்லிக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

“சரி, வெயிட் பண்றேன்” என்றார் ராஜசேகர் கடைசியில்.

நாலு நிமிஷம் அவர் காத்திருந்தார். முதலில் வைத்தது கேன்டீன்காரர். மறுநாள் சாம்பாருக்கு முருங்கைக்காயா கத்தரிக்காயா என்று ஸ்ரீபெரும்புதூரோடு பேசி முடித்திருந்தார். ஒரு கோடு மறைந்தது. மீனம்மாள் ராஜசேகரை இணைத்தாள். புது சிஸ்டத்தைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் ஒரு துண்டுகூடக் குறையாமல் ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேர்ந்தது.